பாதி நேரத்தில் காணாமல் போன நாலாயிரம் பேர்

மனிதகுலம் இதுவரை செய்த மகத்தான கண்டுபிடிப்புகள் மூன்று. முதலாவது தீ. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, எல்லாரையும் ஜெயித்த அணியை இருந்த இடத்திலேயே உட்கார வைக்கும் 'தர மதிப்பீட்டு முறை'. தீயைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. சக்கரத்தைச் செய்தவன் பெயரும் அப்படித்தான். மூன்றாவதற்கு மட்டும் எழுத்தில் ஆவணம் இருக்கிறது. அந்த ஆவணம் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது என்பதால், இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

நான் ஆக்கன்ஷா ரக்பி லீக் கிளப்பின் கௌரவச் செயலாளர். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பதவியில் இருக்கிறேன். 'கௌரவ' என்றால் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு என்று அர்த்தம். அதற்கு முன் யார்க்‌ஷயரின் இந்த மூலையில், எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டினேன். படிவம் என்றால் எனக்கு உயிர். ஒரு நல்ல படிவத்தைப் பார்த்தால், அதில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படிப்பதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிடுவேன்.

பழைய முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்றைய நாகரிக மனிதர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். மேல் வரிசையில் பதினான்கு அணிகள், கீழ் வரிசையில் பதினான்கு. வருஷக் கடைசியில் மேலே கடைசியாக வந்தவன் கீழே இறங்குவான். கீழே இறுதியாட்டத்தில் ஜெயித்தவன் மேலே ஏறுவான். கீழ் வரிசைக்கும் கீழே இன்னொரு வரிசை உண்டு. அங்கேயும் இதே கதை. அவ்வளவுதான். மூன்று வரியில் சொல்லி முடித்துவிட்டேன் பாருங்கள்! மூன்று வரியில் முடிகிற ஒன்றை ஒரு 'முறை' என்று எப்படி மதிப்பது? இதில் ஆலோசகருக்கு ஏது வேலை? கடைசி இரண்டு அணிகள் செப்டம்பர் மழையில், முழங்கால் ஆழச் சேற்றில், உயிரைக் கொடுத்து மோதிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். தோற்ற ஊரில் வளர்ந்த ஆண்கள் பஸ் நிறுத்தத்தில் நின்று அழுவார்கள். லண்டனிலிருந்து வந்த ஆலோசகர்கள் இந்த அவலத்தைப் பார்த்து மனம் நொந்து, இதற்கு 'நிச்சயமின்மை' என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டில் நிச்சயமின்மை இருப்பது அவர்களுக்குத் தாங்கவில்லை.

ஆகவே மூன்று வருஷத்துக்கு முன், ஒரு நவம்பர் மதியம், லீட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் எல்லாக் கிளப்புகளின் பிரதிநிதிகளும் கூடினார்கள். இனி யாரும் ஜெயித்து ஏற வேண்டாம், தோற்று இறங்கவும் வேண்டாம். நூற்றுக்கு அறுபது மதிப்பெண் எடுக்கும் கிளப்புகள் மேலே இருக்கட்டும் என்று தீர்மானம் வந்தது. சூப்புக்கும் சால்மன் மீனுக்கும் நடுவில் அது ஏகமனதாக நிறைவேறியது. சால்மன் மிகப் பிரமாதமாக இருந்தது.

இந்த இடத்தில் ராஸ் கிராப்ட்ரீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அணித் தலைவன். வயது முப்பத்தைந்து, தொழில் பிளம்பர். முன்வரிசை ஆட்டக்காரன், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு எதிரே நிற்கும் மூன்று தடியர்கள் மீது நேராகப் போய் முட்டுவதுதான் அவன் வேலை. பதினான்கு வருஷமாகக் கீழ் வரிசையில் முட்டிக்கொண்டிருக்கிறான். அத்தனை வருஷத்தில் அவன் போட்ட ட்ரை மொத்தம் ஒன்பது. பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் ஊன்றும் பெருமை, அவன் முட்டித் திறந்த வழியில் ஓடுகிற ஒல்லிப் பையன்களுக்குப் போய்விடும். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததே இல்லை. வருத்தமெல்லாம் வேறு.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன், சீசன் தொடங்குகிற சமயம்.

"இந்த முட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னாரு. இழுத்துப் பிடிச்சா ஒண்ணரை. அப்புறம் மாடிப்படி ஏறவே யோசிக்கணுமாம்."

"அப்ப விட்டுடேன்டா. எதுக்கு இந்த வம்பு?"

"விட்டுடறேன் செகரட்டரி. மேல் வரிசையில ஒரே ஒரு மேட்ச். எண்பது நிமிஷம். தோத்தாலும் பரவால்ல. அதுக்கப்புறம் நீங்க கால்ல விழுந்தாக்கூட பூட்ஸைத் தொட மாட்டேன்."

எங்கள் கிளப்பின் தலைவி பெரில் ஸ்டாக்ஸ் அம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் மீட் பை, அதாவது கறி அடைத்துச் சுட்ட பண்டம், விற்கும் கடை வைத்திருப்பவர். குரல் கேட்டால் பால்காரன் வேன் நின்றுவிடும். "இந்த வருஷம் இவனை மேல ஏத்தறோம். அந்த அறுபது மார்க்கை எப்படி வாங்கறதுன்னு நீ பாரு. படிவம்னா உனக்குத்தான் அல்வாவாச்சே," என்றார் என்னிடம்.

அந்த வருஷம் எங்கள் பையன்கள் இருபத்தாறு ஆட்டத்தில் இருபத்து நாலு ஜெயித்தார்கள். அது சில்லறைச் சமாசாரம். முக்கியமான நிகழ்ச்சி ஜூன் மாதம் நடந்தது. மதிப்பீட்டாளர் திரு. பியர்ஸ் ஹாலிங்பரி எங்கள் மைதானத்துக்கு எழுந்தருளினார். வெள்ளைக் காலணி, கையில் ஒரு கண்ணாடிப் பலகை. அதைத் தடவித் தடவியே எங்கள் விதியை எழுதினார்.

"ரசிகர்கள் வரக்கூடிய உங்க சுற்றுவட்டாரம் ரொம்ப பலவீனமா இருக்கே," என்றார். "மேற்கே பதினஞ்சு மைலுக்கு மக்கள்தொகையே காணோம்."

"அங்க மலை இருக்குப்பா," என்றார் பெரில்.

"மலைக்கு மார்க் கிடையாதும்மா."

"ஆடு இருக்கு. வேணும்னா எண்ணிக்கோ. எல்லாம் நம்ம கட்சிதான்."

ஹாலிங்பரி சிரிக்கவில்லை. 'ஆடு' என்று பலகையில் குறித்துக்கொண்டார். ஒரு தகவலையும் வீணாக்காத மனிதர்.

அடுத்து கழிப்பறைகள். எங்கள் கழிப்பறைகளைப் பற்றி எதிரணி ரசிகர்கள் பாட்டே கட்டியிருந்தார்கள். ஆனால் ராஸ், பயிற்சி முடிந்த பதினொரு சாயங்காலங்கள் தரையில் படுத்துக் கிடந்து, குழாய் குழாயாக மாற்றி, அவற்றைப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தான். ஹாலிங்பரி ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அற்புதம். எட்டுக்கு எட்டு."

ராஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "சார், ஒரு சந்தேகம். இதுவரைக்கும் ஆடின மேட்ச்ல ஒண்ணைத் தவிர எல்லாம் ஜெயிச்சிருக்கோம். அதுக்கு எத்தனை?"

"இப்படியே முடிச்சீங்கன்னா அஞ்சு."

"எல்லாத்தையும் தோத்திருந்தா?"

"மூணு. கலந்துக்கிட்டதுக்கு."

ராஸ் விரல் விட்டு எண்ணினான். "அப்ப வருஷம் பூரா மண்ணுல பொரண்டு, பல்லு ரெண்டு போயி, மூக்கு உடைஞ்சதுக்கு ரெண்டு மார்க்கு. கக்கூஸ் பைப்பு மாத்தினதுக்கு எட்டு."

"கழிப்பறை நீடித்த சொத்து, மிஸ்டர் கிராப்ட்ரீ," என்றார் ஹாலிங்பரி கனிவாக. "வெற்றி தற்காலிகம்."

இந்த வாசகத்தை நான் அன்றே நோட்டில் எழுதிக்கொண்டேன். கல்லில் செதுக்க வேண்டிய வாசகம். எங்கே செதுக்கலாம் என்று பெரில் அம்மாள் சொன்ன இடத்தை இங்கே எழுத முடியாது.

போகும்போது அவர் கிழக்கு முனையில் ஒரு கம்பத்தில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். பார்வையாளர்களை எண்ணும் கேமரா. தலையைத் தானே எண்ணிக்கொள்ளும். டிக்கெட் அடிக்கட்டையை எல்லாம் நம்புகிற காலம் மலையேறிவிட்டது.

ஆகஸ்டில் இடைக்கால அறிக்கை வந்தது. மொத்தம் ஐம்பத்தேழு. மூன்று குறைவு. எதில் போயிற்று என்று பார்த்தேன். 'பார்வையாளர் தக்கவைப்பு: பத்துக்குப் பூஜ்யம்.' கீழே குறிப்பு: 'சராசரியாக 4,112 பேர் வருகிறார்கள். பாதி நேரத்தில் 4,112 பேரும் வெளியேறிவிடுகிறார்கள். இரண்டாம் பாதியில் எவரும் இல்லை. ஆட்டத்தின் தரம் பற்றிய கடும் அதிருப்தியை இது காட்டுகிறது.'

இரண்டு தடவை படித்தேன். பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் யாரும் பாதி நேரத்தில் வீட்டுக்குப் போவதில்லை. முனை மாறுகிறார்கள். முதல் பாதியில் நம் ஆட்கள் கிழக்குக் கோட்டை நோக்கி ஆடுவார்கள். அதனால் ஊரே கிழக்குப் படிக்கட்டில் நிற்கும். இரண்டாம் பாதியில் மேற்கு நோக்கி ஆடுவார்கள்; ஆகவே பாதி நேர மணி அடித்ததும் ஊரே டீயும் மீட் பையுமாகப் பின்பக்கச் சந்து வழியாக நடந்து மேற்குப் படிக்கட்டுக்குப் போய்விடும். நூறு வருஷமாக இப்படித்தான். ட்ரை விழுகிற இடத்தில் நிற்காமல் வேறு எங்கே நிற்பது? கிழக்குக் கம்பத்தில் தொங்கிய பெட்டிக்கு மேற்கு என்று ஒரு திசை இருப்பதே தெரியாது.

ஹாலிங்பரிக்குப் போன் போட்டேன்.

"நடந்து போறாங்களா? எதுக்கு?" என்றார்.

"கிட்டக்கப் பார்க்கத்தான்."

"பெரிய திரை வச்சா நடக்க வேண்டியதில்லையே. திரைக்கு நாலு மார்க் உண்டு."

"சார், அவங்க போகல. அங்கதான் இருக்காங்க. மேற்கு முனையில."

"எழுத்துல குடுங்க. மேல்முறையீடு ஒரு தடவைதான் அனுமதி. இறுதியாட்டத்தில பாதி நேரத்துக்கு அப்புறமும் கூட்டம் கேமராவுல தெரிஞ்சா பத்துக்குப் பத்து."

எழுத்தில் கொடு என்று ஒருவர் என்னிடம் கேட்பதா! ஒன்பது பக்கம் எழுதினேன். வரைபடத்தோடு. அம்புக்குறி போட்டு, 'இரண்டாம் பாதியில் ரசிகர்கள் மேற்கு முனையில் நிற்பார்கள்' என்று மூன்று இடத்தில் அடிக்கோடிட்டேன். உலகத்தில் அதைவிடத் தெளிவான கடிதம் இருக்க முடியாது. அந்தத் தெளிவுதான் எங்களுக்கு எமனாக வந்தது.

கடிதம் போனதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கமிட்டியைக் கூட்டினோம்.

"லெட்டரை எவன் படிக்கப் போறான்?" என்றார் பெரில். "கேமரா கிழக்கே இருக்கா? அப்ப ஒரே ஒரு நாள், ஒரு நாய்கூடக் கிழக்கு முனையை விட்டு அசையக் கூடாது. ராஸுக்காக. பை, டீ எல்லாம் அன்னிக்கு அங்கேயேதான் கிடைக்கும். மேற்கே போறவன் பட்டினி."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதையும் நான்தான் எழுதினேன்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, எங்கள் மைதானத்திலேயே இறுதியாட்டம். எதிரணி கடற்கரையிலிருந்து வந்த சீமுத். அவர்கள் ஊர்க்காரர்கள் தெற்குப் பக்கக் கூரையடி நாற்காலிகளில். நாங்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர் கிழக்குப் படிக்கட்டில். தூறல். ஹாலிங்பரியும் வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். "உங்க புகாரை ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டிருக்கோம்," என்றார். நெகிழ்ந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாதி நேரம். இரண்டு அணிக்கும் பத்துப் புள்ளி, சமம். நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். "அன்பர்களே, தயவுசெய்து யாரும் இடத்தை விட்டு நகர வேண்டாம்."

"யோவ், இங்கேருந்து பார்த்தா ஆளு பொம்மை மாதிரிகூடத் தெரியாதுய்யா!" என்று ஒருவன் கத்தினான்.

"ராஸுக்காகய்யா."

அவ்வளவுதான். ஒரு ஆள் நகரவில்லை. நூறு வருஷப் பழக்கம் காலைப் பிடித்து இழுக்கிறது. ஆளுக்கு ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையைத் தூக்கி அதற்குக் காட்டினாள். எங்கள் ஊர்க்காரர்களை நினைத்து எனக்கு அன்று போலப் பெருமையாக இருந்ததே இல்லை. இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இரண்டாம் பாதி முழுவதும் நாங்கள் பார்த்தது மூடுபனியும் முதுகுகளும்தான். கடைசி இரண்டு நிமிஷம். சீமுத் பதினெட்டு, நாங்கள் பதினாறு. ஒரு ட்ரைக்கு நாலு புள்ளி. தொலைவில், மேற்குக் கோட்டுக்கு அருகே ஏதோ பெரிய உருவம் பந்தோடு முட்டியது. ஒருவன் தொங்கினான், இரண்டு பேர் தொங்கினார்கள், மூன்று பேர் தொங்கினார்கள். உருவம் நிற்கவில்லை. அப்படியே போய்க் கோட்டுக்கு அப்பால் விழுந்தது. நடுவர் கை உயர்ந்தது.

"யாருப்பா போட்டது?"

"எட்டாம் நம்பர்."

"ராஸா? சும்மா இருடா."

"ராஸ்தான்டா! அடேய், ராஸ்!"

ஒருவன் தாங்க முடியாமல் பத்தடி மேற்கே ஓடிவிட்டான். அவன் மனைவி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "கேமராடா பாவி, கேமரா!"

அங்கே ராஸ் எழுந்து நின்றான். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, வழக்கமாக ஊர் நிற்கிற மேற்குப் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பினான். காலிப் படிக்கட்டு. மழையில் நனைந்த ஒரு தெருநாய் மட்டும் உட்கார்ந்து அவனைப் பார்த்தது. ஒரு கணம் கை இறங்கியது. பிறகு ஞாபகம் வந்து, எங்கள் பக்கம் திரும்பி, தூரத்திலிருந்து கையை ஆட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் பெரில் அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். "ஏறிட்டான்யா," என்றார்.

பத்து நாள் கழித்து இறுதி அறிக்கை வந்தது. வழவழப்பான தாள். அட்டையில் வண்ணப்படம்: ராஸ், இரண்டு கையையும் உயர்த்தியபடி, சேறு சொட்டச் சொட்ட, எதிரே ஒரு ஆள் இல்லாத படிக்கட்டு. அருமையான படம். மேற்கிலிருந்து எடுத்தது.

உள்ளே இருந்தது இது: 'கிளப் செயலாளரின் விரிவான கடிதத்தை மதித்து, இறுதியாட்டத்தன்று கேமரா கிழக்குக் கம்பத்துப் பெட்டியிலிருந்து கழற்றி மேற்கு முனைக்கு மாற்றப்பட்டது. முதல் பாதியில் பார்வையாளர்: பூஜ்யம். இரண்டாம் பாதியில்: பூஜ்யம். வெற்றி ட்ரையின்போதும் ரசிகர் ஈடுபாடு காணப்படவில்லை. நாய்: ஒன்று. மொத்த மதிப்பெண்: ஐம்பத்தேழு.'

போன் போட்டேன்.

"நீங்கதானே சார் எழுதினீங்க, மேற்கே போவாங்கன்னு?" என்றார் ஹாலிங்பரி. உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார். "மூணு இடத்தில அடிக்கோடு வேற. ஏன் போகல?"

"உங்க கேமராவுக்காகத்தான்யா போகல!"

பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அடுத்த வருஷம் பெரிய திரை முயற்சி பண்ணுங்களேன்," என்றார்.

ஆல்டர்போர்ட் கமெட்ஸ் என்ற அணி மேல் வரிசையிலேயே நீடிக்கிறது என்று அதே அறிக்கையில் இருந்தது. அவர்கள் அந்த வருஷம் ஆடிய இருபத்தாறு ஆட்டத்திலும் தோற்றவர்கள். ஆனால் மைதானத்து நாற்காலிகளை ஐந்து நிறத்தில் கலந்து போட்டிருந்தார்கள். கேமராவுக்கு அரங்கம் நிறைந்திருந்தது. பார்வையாளர் தக்கவைப்பு பத்துக்குப் பத்து. நாற்காலிகள் பாதி நேரத்தில் எழுந்து போவதில்லை அல்லவா?

கிளப் அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். ராஸ் அட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முட்டியில் ஐஸ் பை.

"எந்தப் படுபாவி இந்த முறைக்குக் கை தூக்கினான்?" என்றார் பெரில். அவர் தலைவியாக வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

"எல்லாரும்தான். ஏகமனதாக," என்றேன்.

"நம்ம கிளப்புமா?" என்றான் ராஸ்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மூணு வருஷம் முன்னாடி நாம கீழ் வரிசையிலயே கடைசி," என்று ராஸ் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். "கடைசி வரிசைக்கு இறங்கியிருக்கணும். இறங்கல. நீங்க ஏதோ மீட்டிங்ல பேசிக் காப்பாத்திட்டீங்கன்னு ஊரே கை தட்டுச்சு. நான்கூட உங்க கையைப் பிடிச்சுக் குலுக்கினேன்."

"இறங்கற படியை இடிச்சுடலாமான்னு கேட்டாங்கடா," என்றேன். "அன்னிக்கு நமக்கு அதுதானே வேண்டியிருந்தது. சரின்னேன்."

ராஸ் ஐஸ் பையை மேசைமேல் வைத்தான். "ஏறுறதும் அதே படிதானே, செகரட்டரி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. குழாய் எங்கே ஒழுகுகிறது என்று காட்டுகிற பிளம்பர் குரலில் சொன்னான். பிறகு நடவடிக்கைக் குறிப்பேட்டைக் கேட்டான். இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த நவம்பர் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து, கடைசி வரி வரை படித்தான்.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு," என்றான். நொண்டிக்கொண்டே மாடிப்படி இறங்கிப் போனான். அதற்கப்புறம் அவன் பூட்ஸைத் தொடவில்லை. கழிப்பறைக் குழாய்கள் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

தீயைக் கண்டுபிடித்தவன் பெயர் தெரியாது என்று முதலில் சொன்னேன். சக்கரத்தைச் செய்தவனும் தப்பித்துக்கொண்டான். மூன்றாவதற்கு மட்டும் ஆவணம் இருக்கிறது, அழகான கையெழுத்தில்: 'முன்மொழிந்தவர்கள்: ஆலோசகர்கள். வழிமொழிந்தவர்: நார்மன் பூத்ராய்ட், கௌரவச் செயலாளர், ஆக்கன்ஷா.'